முந்திரித் தோப்பில் கிடந்த அப்பம்

பெரிய பாவம் ஒன்று செய்வதற்கு மூன்று பொருட்கள் தேவை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. காரியம் கனமானதாக இருக்க வேண்டும். அது கனமானது என்று நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அதை முழு மனதோடு செய்ய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது, அற்பப் பாவம்தான். அம்மா மீன் குழம்புக்குச் சாமான் சொல்வது போல அப்பா இதை விரல்விட்டுச் சொல்வார். நாங்கள் இருபத்திரண்டு பிள்ளைகள் கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொல்வோம்.

ஆண்டிமடத்துக்கு மேற்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருந்தது எங்கள் ஊர். முக்கால்வாசிப் பேர் கத்தோலிக்கர்கள். அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்; கோடை விடுமுறையில் புதுநன்மை வாங்கப்போகும், அதாவது முதன்முதலாக நற்கருணை உட்கொள்ளப்போகும் பிள்ளைகளுக்கு ஞான உபதேசமும் அவர்தான் நடத்துவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. எழுபதுகளின் கடைசி.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. மனசும் அப்படித்தான். அந்த மூன்று பொருட்களைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எதைச் செய்தாலும் அதை எடுத்து நிறுத்துப் பார்க்கத் தொடங்கினேன். எறும்பு இருக்கிறது என்று தெரிந்தே மிதித்தால்? தம்பியை அடிக்க வேண்டும் என்று முழு மனதோடு நினைத்து, அவன் ஓடிவிட்டதால் அடிக்க முடியாமல் போனால்? பாவம் என்று தெரியாமல் இருப்பதற்காக உபதேச வகுப்புக்கே வராமல் இருந்துவிட்டால்? ஒருநாள் இதை வகுப்பில் கேட்டே விட்டேன். அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கேள்வியெல்லாம் புஸ்தகத்துல இருக்கு. நீ பதில மட்டும் படி" என்றார்.

ஆனால் என்னை அலைக்கழித்த கேள்வி அந்தப் புத்தகத்தில் இல்லை. நற்கருணையை, பூசையில் ஆண்டவரின் உடலாக மாறும் அந்த அப்பத்தை, பல் படாமல் விழுங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஏதோ ஓர் ஊரில் ஒரு பையன் கடித்துப் பார்த்தானாம், வாயெல்லாம் ரத்தமாம். இதை வகுப்பில் யார் முதலில் சொன்னது என்று தெரியாது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கோ எதைப் போட்டாலும் மென்றுவிடும் வாய். மாத்திரையைக்கூட மென்றுதான் தின்பேன். புதுநன்மை நாளன்று என் பல் என்னைக் கேட்காமலே கடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து, சோறு தின்னும்போதெல்லாம் ஒரு வாயை மெல்லாமல் விழுங்கிப் பழகினேன். விக்கிக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கியதுதான் மிச்சம்.

என் பயத்தைச் சொன்னது ஒரே ஒருத்தியிடம். லூர்துமேரி. எங்கள் ஊர்க் கோயில்பிள்ளையின் மகள். கோயில்பிள்ளை என்றால் மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பவர். அவர்கள் கீழத்தெருக்காரர்கள். எங்கள் கோயிலில் கீழத்தெருக்காரர்கள் இடது பக்கம் உட்காருவார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை, எப்போதும் அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு புதிதாக வந்த சாமியார்தான் கீழத்தெருவிலிருந்து ஒருவரைக் கோயில்பிள்ளையாக வைத்தார். ஊர்ப் பெரியவர்களில் சிலர் அப்போதே முணுமுணுத்தார்களாம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், லூர்துமேரிக்கு நற்கருணையைப் பற்றி என் அப்பாவை விட அதிகம் தெரியும் என்பதுதான்.

"பூசையில சாமியாரு மந்திரிக்கிறதுக்கு முன்னால அது வெறும் அப்பந்தாண்டி. எங்கப்பா டப்பாவுல போட்டு அலமாரியில வச்சிருக்காரு" என்றாள்.

வெறும் அப்பம் என்றால் அதில் பழகிப் பார்க்கலாமே! அந்த யோசனை வந்த பிறகு இரண்டு நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பு விட்டதும், கோயில்பிள்ளை பன்னிரண்டு மணிக்கான மணியை அடிக்க முன்பக்கத்துக் கோபுரத்துக்குப் போனார். பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடுப்பு மாற்றும் அறை திறந்திருந்தது. லூர்துமேரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நா வரல. அப்பா திட்டுவாரு. நீயும் வாடி, போயிடலாம்."

நான் உள்ளே போனேன். மணி அடித்துக்கொண்டிருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் பிஸ்கட் டப்பா ஒன்று. திறந்தால் வெள்ளை வெளேரென்று, மெலிசாக, காகிதத்தை வட்டமாக நறுக்கியது போல அப்பங்கள். ஒன்றை வாயில் போட்டேன். ருசியே இல்லை. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளிப் பார்ப்பதற்குள் மணி நின்றுவிட்டது. ஒரு பிடி அள்ளி உபதேசப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு டப்பாவை உள்ளே தள்ளினேன். அது கவிழ்ந்து அப்பமெல்லாம் தரையில் கொட்டியது. நான் ஓடிவிட்டேன். வெளியே நின்ற லூர்துமேரி எல்லாவற்றையும் பார்த்தாள்.

கோயில் தோப்பின் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குக் குறுக்குப் பாதை. ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து மிச்சத்தை ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பழகினேன். ஐந்தாவது அப்பம் பல்லில் படாமல் இறங்கிற்று. சந்தோஷத்தில் எழுந்து ஓடினேன். புத்தகத்திலிருந்து ஒன்று நழுவி விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை அலறியது ஊர் முழுக்கக் கேட்டது. அம்மா கையில் இருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓட, நானும் பின்னால் ஓடினேன். சருகுகளுக்கு நடுவில் அந்த வெள்ளை வட்டம் கிடந்தது. அந்தப் பெண் நெற்றி மண்ணில் பட விழுந்து கிடந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள். என் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முள்ளில் மண்டியிட்டார். யாரோ செபமாலையை ஆரம்பித்தார்கள். சாமியார் வெள்ளைத் துணியும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"பதறாதீங்க. இது மந்திரிக்காத அப்பமாக்கூட இருக்கலாம்" என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவரும் அதை இரண்டு கையாலும்தான் எடுத்தார். மணலோடு சேர்த்து எடுத்தார்.

நானும் மண்டியிட்டிருந்தேன். அது வெறும் அப்பம் என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் நான்தான். ஆனால் இத்தனை பெரியவர்கள் மண்டியிட்டு அழும்போது அது வெறும் அப்பமாகத்தான் இருக்குமா? என் வயிற்றுக்குள் ஆறு இருந்தன. அம்மா என்னை அணைத்துக்கொண்டு, "பாருங்க, பச்சப் புள்ளைக்கே எப்படி நடுங்குது" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

அன்றைக்கே சாமியார் அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறார். டப்பாவில் பாதிகூட இல்லை. கோயில்பிள்ளையைக் கேட்டதற்கு, "அணிலு தட்டிவுட்டிருக்கும்னு நெனச்சேன் சாமி. மண்ணு ஒட்டிக் கெடந்ததக் கூட்டி, எரிச்சு, கெணத்தடியில ஊத்திட்டேன்" என்றாராம். மந்திரிக்காத அப்பம் என்றாலும் குப்பையில் போட அவருக்கு மனசு வரவில்லை. அந்த மரியாதையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எரிக்கிற அளவுக்கு என்ன அவசரம்? யாரிடமும் ஏன் சொல்லவில்லை? அப்பம் கிடந்த மரம் கீழத்தெருவின் கொல்லைப்பக்கம்தானே? பிறகு யாரோ ஒருவருக்கு ஞாபகம் வந்தது, அந்த மாதத்தில் அவர் இரண்டு தடவை பஸ் ஏறிப் பெரம்பலூர் போய் வந்தார் என்று. அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்த மைத்துனனைப் பார்க்கப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த மைத்துனன் ஒரு மந்திரவாதியாக மாறியிருந்தான். நற்கருணையைச் செய்வினைக்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார் என்று ஊர் பேசியது. அதை விடப் பெரிய குற்றம் எங்கள் ஊருக்குத் தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கூட்டம். என் அப்பாதான் எழுதுகிறவர். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"குருசுமேல கைய வச்சு சத்தியம் பண்ணு" என்றார் ஒரு பெரியவர்.

கோயில்பிள்ளை துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். "நா எடுக்கலங்க. எடுக்கலன்னா எடுக்கல. அதுக்கு மேல சத்தியம் எதுக்குங்க?"

"பாத்தீங்களா, சத்தியம் பண்ண மாட்டேங்குறான்."

"சாட்சி இல்லாம ஒருத்தர இப்படிச் சொல்லாதீங்க" என்று சாமியார் குறுக்கிட்டார். ஆனால் அடுத்த ஞாயிறு புதுநன்மை. ஊர் முழுக்க விருந்தாளிகள் வருவார்கள். அதுவரைக்குமாவது அவரிடமிருந்து கோயில் சாவியை வாங்கி வையுங்கள், அவர் மகள் இந்தத் தடவை நன்மை வாங்க வேண்டாம் என்று பெரியவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். சாமியார் கடைசியில், "விசாரிச்சு முடியிற வரைக்கும்" என்றார். அப்பா அதைத் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்கக் கோயில்பிள்ளைக்கு நேரமாயிற்று. அரைஞாண் கயிற்றில் முடிச்சு இறுகியிருந்தது. லூர்துமேரி அவர் பக்கத்தில் நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.

அந்த வாரம் முழுக்க நான் நடந்துகொண்டே இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். வாசலுக்கும் கொல்லைக்கும், கொல்லைக்கும் பள்ளிக்கூடத்துக்கும். மூன்று பொருட்களையும் எத்தனையோ முறை நிறுத்துப் பார்த்தேன். அப்பம் எடுத்தது கனமான காரியமா? இல்லை, அது வெறும் அப்பம். ஆனால் நான் வாயைத் திறக்காமல் இருப்பது? வாயைத் திறந்து பொய் சொன்னால்தானே பொய்? யாரும் என்னைக் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது, பொய் சொல்லாதே என்ற எட்டாம் கட்டளைக்குள் வருமா? இதை வகுப்பில் கேட்கலாம்தான். ஆனால் அப்பா ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்.

லூர்துமேரியின் இடம் வகுப்பில் காலியாக இருந்தது. ஒருநாள் அடிபம்பில் அவளைப் பார்த்தேன்.

"நீ சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "சொல்லல" என்றாள். யாரிடம் சொல்லவில்லை என்று அவளும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. உடனே அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

கடைசியில் ஒரு தந்திரம் தோன்றியது. சனிக்கிழமை எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் சொல்லிவிட்டால்? அவர் வெளியே வந்து எல்லோருக்கும் சொல்லிவிடுவார். கோயில்பிள்ளைக்குச் சாவி கிடைத்துவிடும். எனக்கோ பாவமன்னிப்பு கிடைத்துவிடும். மன்னிப்புக் கிடைத்த பிள்ளையை அப்பா அடிக்க முடியாது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது. தம்பியை அடித்தது நான்கு முறை, பொய் மூன்று முறை, செபத்தில் பராக்குப் பார்த்தது கணக்கில்லை என்று ஒப்பித்துவிட்டு, ஒரே மூச்சில் சொன்னேன். "சாமி, அப்பத்த எடுத்தது நாந்தான். தட்டிவுட்டதும் நாந்தான். தோப்புல போட்டதும் நாந்தான்."

போய்விட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். காது இருந்தது.

"எதுக்கும்மா எடுத்த?"

"பல்லு படாம முழுங்கிப் பழகறதுக்கு."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ எடுத்தது ரொம்பச் சின்ன விஷயம்மா. ஆனா அதுக்காக வேற ஒருத்தரு சொமக்கிறாரே, அது சின்னதில்ல. இத நீ போயி ஒங்கப்பாகிட்ட சொல்லணும்."

"நீங்க சொல்லிடுங்க சாமி."

"என்னால முடியாது. இங்க கேட்டத நான் யாருகிட்டயும், எப்பவும், எதுக்காகவும் சொல்லக் கூடாது. ஒங்கிட்டயேகூட வெளிய வந்து இதப் பத்திப் பேசக் கூடாது. நீதாம்மா சொல்லணும். சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றேன். மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொல்லி, என் பாவங்களை மன்னித்தார்.

முழங்கால் வலிக்க மூன்று மந்திரமும் சொல்லி எழுந்தேன். பாவம் போய்விட்டது. ஆனால் வெளியே வந்து பார்த்தால் கோயில்பிள்ளை, கோயில் மதிலுக்கு வெளியே, சாலையோரம் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வேறு யாரோ தப்புத் தப்பாக மணி அடித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டுவிட்டுப் போனார். என் பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் அது செய்தது அங்கேயே நிற்கிறதே, இது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் பெரியவர்கள் சாமியாரிடம் வந்து, நாளைக்கே புது ஆளை வைத்துவிடலாமா என்றார்கள். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடுவார் என்று சாமியாரின் முகத்தையே பார்த்தேன். "பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார். அதையே இரண்டு மூன்று முறை சொன்னார். அப்பாவைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார். என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நான் சொன்னதை மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அன்று அப்பாவிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையிலும் சொல்லவில்லை. வெள்ளைக் கவுனும் தலையில் வலையும் கையில் மெழுகுவர்த்தியுமாக வரிசையில் போனோம். இடது பக்கம் கடைசியில் லூர்துமேரி பழைய பச்சைப் பாவாடையில் உட்கார்ந்திருந்தாள். கொடுத்த வாக்கை நிறைவேற்றாமல் நன்மை வாங்கினால் அது தேவதுரோகம் என்று அப்பாதான் சொல்லிக்கொடுத்திருந்தார். அதற்கு மூன்று பொருளும் இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டேன்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் சாமியார், என் முன்னால் வந்து.

என் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை என்னை இடித்தாள். சாமியார் கையை உயர்த்தியபடியே நின்றார். அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார்.

அம்மா பதறிப்போய் என்னை வெளியே இழுத்து வந்தாள். "வாந்தி வருதா? மயக்கமா?" வேப்பமரத்தடியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"மூச்சு விடாத. யாருகிட்டயும் சொல்லாத. ஒங்கப்பாகிட்டகூட சொல்லக் கூடாது. அவரு தலையக் காட்ட முடியாம போயிடும்."

இப்போது இன்னொரு சிக்கல். தாய் தந்தை பேச்சைக் கேள் என்கிறது நாலாம் கட்டளை. பொய்ச்சாட்சிக்கு எட்டாம் கட்டளை. நாலு முந்தியா, எட்டு முந்தியா? வரிசைப்படி பார்த்தால் அம்மாதான் ஜெயிப்பாள்.

வீட்டில் கறிச்சோறு. ஜெயங்கொண்டத்திலிருந்து பெரியப்பா குடும்பம், அம்மா வழியில் இரண்டு மாமாக்கள். ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா எலும்பைக் கடித்துக்கொண்டே, "அவன இன்னும் ஏன் ஊருக்குள்ள வச்சிருக்கீங்க? ஆண்டிமடம் போலீசுல கொண்டுபோயி வுட்டா ரெண்டு தட்டுல கக்கிடுவான்" என்றார்.

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றார் அப்பா.

அவ்வளவுதான். கையிலிருந்த அப்பளத் தட்டோடு நான் நடுப்பந்தியில் நின்று கத்தினேன். "அவரு எடுக்கல! நாந்தான் எடுத்தேன்! நாந்தான் தோப்புல போட்டேன்!"

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அடுப்படி வாசலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார். எப்போது, எப்படி. நான் சொன்னேன். அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார், கை கழுவினார், சட்டை மாட்டினார். பந்தியில் போட்டு உடைக்காமல் தனியாக அவரிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கும் துணிவும் கடைசிவரை வரவில்லை.

உச்சி வெயிலில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கீழத்தெருவுக்கு நடந்தார். நான் வெள்ளைக் கவுனிலேயே இருந்தேன். அந்தத் தெருவுக்குள் அப்பா நடந்து நான் பார்த்ததில்லை. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து எழுந்து நின்றார்கள். கோயில்பிள்ளை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்தார்.

அப்பா நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தினார். பிறகு, "தப்பு எம்மேலதான். நானும் சேந்துதான் எழுதுனேன். நீங்க மன்னிக்கணும்" என்றார். அவரை அப்பா 'நீங்க' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"தெரியும் சார்" என்றார் கோயில்பிள்ளை.

"என்ன தெரியும்?"

"எங்க பாப்பா அன்னிக்கு சாயங்காலமே சொல்லிட்டா. நாந்தான் வெளிய சொல்லாதன்னு சொன்னேன்."

அப்பா திகைத்துப்போனார். "ஒம்போது நாளாத் தெரியுமா? அப்பறம் ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?"

கோயில்பிள்ளை அப்பாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"சொல்லி?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எங்கள் ஊரில் எந்தக் கேள்விக்கும் பதில் தெரிந்தவர் அவர்தான். எனக்கு விசித்திரமாக இருந்தது. கதவோரத்தில் லூர்துமேரி நின்றிருந்தாள். என் கவுனின் சரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை தொடங்கும் முன்பு அப்பா பீடத்துக்கு முன்னால் போய் நின்று, தன் மகள் செய்தது என்று தானே சொன்னார். ஊர் ஒரே நொடியில் லேசாகிவிட்டது. "சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிருச்சு சார், இதுக்குப் போயி" என்று பெரியவர்கள் அப்பாவைத் தேற்றினார்கள். சிலர் சிரித்தார்கள். பல்லுப் படாமல் விழுங்கிப் பழகிய கதை ஜெயங்கொண்டம் வரை போயிற்று. ஒரு வாரம் முன்புவரை மந்திரவாதம் என்று சொன்னவர்கள், அது கனமான காரியமா, தெரிந்து செய்ததா, முழு மனதோடு செய்ததா என்று விரல்விட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அன்றே எனக்கும் லூர்துமேரிக்கும் சாமியார் நன்மை கொடுத்தார். அவள் பச்சைப் பாவாடையில்தான் இருந்தாள். அவள் வாயில் பல் பட்டதா என்று கேட்க நினைத்து மறந்துவிட்டேன். எனக்குப் பட்டது. ரத்தம் வரவில்லை.

பூசைக்குப் பிறகு சாமியார் சாவியை ஒரு தட்டில் வைத்துக் கோயில்பிள்ளையிடம் நீட்டினார். அவர் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாவியை எடுக்கவில்லை.

"வேற ஆளப் பாத்துக்குங்க சாமி."

சாமியார் எவ்வளவோ சொன்னார். அப்பா அவர் வீட்டுக்கு இன்னொரு முறையும் போய் வந்தார். ஒரு மாதத்துக்குள் கோயில்பிள்ளை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். எல்லாம்தான் சரியாகிவிட்டதே, பின் ஏன் போகிறார்கள் என்று வீட்டில் கேட்டேன். அம்மா வேலையைப் பார் என்றாள். அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

அவர்கள் கிளம்பிய நாளில் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். லூர்துமேரி ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா கொஞ்சம் தள்ளி, கோயில் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில், அத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"எம்மேல கோவமாடி?"

அவள் யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "ஒம்மேல இல்ல."

பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்றினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். எனக்கு இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. ஒரு மாதமாக இல்லாத நிம்மதி. செம்மண் சாலையில் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்படியென்றால் வேறு யார் மேல் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.